ஏஆர் மணல்பெட்டி: சமதரையில் படம் பொருந்துகிறது, மலை எழுப்பினால் நழுவுகிறது

பூகோள_ஆசிரியை

வணக்கம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமஉயரக் கோடுகளும் நீர்பிடிப்புப் பகுதியும் நடத்த ஏஆர் மணல்பெட்டி அமைத்திருக்கிறோம்: மணலின் மேடுபள்ளத்தை ஆழம் அளக்கும் கேமரா பார்க்க, அதற்கேற்ற நிறங்களையும் கோடுகளையும் புரொஜெக்டர் மணல்மேலேயே காட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரெய்லோஸ் எழுதிய கட்டற்ற மென்பொருள்தான், லினக்ஸ் மின்ட்டில் ஓடுகிறது.

பெட்டி 102 × 76 செ.மீ. மணல் ஆழம் 10 செ.மீ. அந்தக் கேமரா எக்ஸ்பாக்ஸ் 360 கினெக்ட் (மாடல் 1414), மணலுக்கு நேர் மேலே 100 செ.மீ. உயரத்தில். புரொஜெக்டர் குறுந்தொலைவு வகை, 1024 × 768, பெட்டியின் நீளப் பக்கத்துக்கு மேலே நடுவில் தொங்குகிறது.

மணலைச் சமமாக்கி ஒரு சின்னப் பள்ளம் தோண்டினால் நீல நிறம் சரியாக அங்கேயே விழுகிறது. 10 செ.மீ. மலை குவித்தால் உச்சிக்குரிய வெள்ளை நிறம் புரொஜெக்டர் இருக்கும் பக்கமாக 3–4 செ.மீ. தள்ளி விழுகிறது. மலை உயர உயர நழுவலும் கூடுகிறது. கேலிபரேஷனை (கினெக்ட்டையும் புரொஜெக்டரையும் ஒன்றோடொன்று பொருத்துவதை) மூன்று முறை செய்தும் இதே கதை. கினெக்ட் பழுதா?

லினக்ஸ்_மாடி

கினெக்ட்டைக் குறை சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள் மேடம். புரொஜெக்டரில் ஆட்டோ கீஸ்டோன் (படத்தின் சாய்வைத் தானே திருத்தும் வசதி) அணைந்திருக்கிறதா? கேலிபரேஷன் நிரலுக்குப் படத்தின் அளவை 1024, 768 என்றே கொடுத்தீர்களா? மணல்பெட்டி நிரலை ‘-எஃப்பிவி’ என்ற கட்டளைத் தெரிவைச் சேர்த்து ஓட்டுகிறீர்களா? அது இல்லாவிட்டால் கேலிபரேஷன் கோப்பு பயன்படவே படாது.

பூகோள_ஆசிரியை

கீஸ்டோன் சுழியத்தில் இருக்கிறது சார். மற்ற இரண்டும் நீங்கள் சொன்னபடியே.

மணல்மேடு

இந்த மூன்றில் எது தவறியிருந்தாலும் சமதரையிலேயே படம் பொருந்தாமல் போயிருக்கும். உயரத்துக்கு ஏற்ற அளவில், புரொஜெக்டர் பக்கமாகவே நழுவுகிறது என்பதுதான் துப்பு. கேலிபரேஷன் வட்டை (நிரல் காட்டும் இடங்களில் வைக்கும் வெள்ளைத் தகட்டை) 12 புள்ளிகளிலும் மணல்மேலேயே வைத்தீர்களா?

பூகோள_ஆசிரியை

ஆமாம், கை ஆடக்கூடாது என்று எல்லாவற்றையும் மணலில் படுக்க வைத்தே எடுத்தோம்.

மணல்மேடு

அங்கேதான் தவறு. புரொஜெக்டர் ஒளி பெட்டிக்குள் சாய்வாக இறங்குகிறது. ஒரே பிக்சல் தரையில் ஓரிடத்தில் விழும், 10 செ.மீ. மேலே வேறிடத்தில் விழும். அந்தச் சாய்வை நிரல் கற்றுக்கொள்வது உங்கள் புள்ளிகளிலிருந்து மட்டும்தான். அது கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் 11. ஒரு புள்ளி இரண்டு சமன்பாடுகள் தரும். ஆக ஆறு புள்ளிகள் போதும் என்று தோன்றும். ஆனால் எல்லாம் ஒரே தளத்தில் இருந்தால் நூறு புள்ளி கொடுத்தாலும் உயரத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. தரைக்கு மட்டும் பொருந்தும் ஒரு விடையைத்தான் உங்கள் நிரல் வைத்திருக்கிறது.

மறுபடி எடுங்கள். 12 செ.மீ. குறுந்தகட்டின் மேல்பக்கம் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டி, மையத்தில் வெட்டிக்கொள்ளும்படி இரண்டு கறுப்புக் கோடுகள் போடுங்கள். தகட்டின் பளபளப்பு வெளியே தெரிந்தால் கினெக்ட்டுக்கு அங்கே ஆழம் கிடைக்காது. விளிம்பில் விறைப்பான கம்பி ஒன்றைக் கைப்பிடியாகக் கட்டுங்கள். தகட்டை விரலால் பிடித்தால் விரலும் தகடும் ஒரே உருவமாகச் சேர்ந்து மையம் பிசகிவிடும்.

முதல் புள்ளி மணல்மேல், அடுத்தது 10 செ.மீ. மேலே, அதற்கடுத்தது 20 செ.மீ. மேலே என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு வரிசை முழுவதும் ஒரே உயரம், அடுத்த வரிசை வேறு உயரம் என்று போகாதீர்கள். அவை சாய்ந்த ஒரே தளமாக அமைந்துவிட்டால் பழைய சிக்கலே திரும்பும். தகடு கிடைமட்டமாக இருக்கட்டும். புரொஜெக்டர் காட்டும் குறுக்குக் கோடு தகட்டின் மையத்தில் பொருந்தியதும் இரண்டு நொடி அசையாமல் பிடித்து, பிறகு இன்னொருவர் விசையை அழுத்தட்டும். நடுவில் மணல் கலைந்தால் பின்னணியை (தகடு இல்லாத மணலின் ஆழப் படத்தை) புதிதாகப் பதிவுசெய்த பிறகே தொடருங்கள். இந்தக் கினெக்ட் சுமார் அரை மீட்டருக்குள் வரும் பொருளைப் பார்க்காது. உங்கள் உயரக் கணக்கில் தகட்டை 40 செ.மீ.க்கு மேல் தூக்க வேண்டாம்.

பூகோள_ஆசிரியை

பொருந்திவிட்டது! 10 செ.மீ. மலையிலும் உச்சி உச்சியிலேயே நிற்கிறது. மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். காலையில் நன்றாக ஓடுவது பகல் 11 மணிக்கு மேல் ஜன்னல் பக்கம் மணலைத் தோண்டினாலும் குவித்தாலும் படம் மாறுவதில்லை. கையை விரித்துக் காட்டினால் மழை பெய்கிறது, ஆனால் அப்போது எல்லாமே திணறுகிறது.

மணல்மேடு

ஜன்னல் பக்கம் நடப்பது வெயிலின் வேலை. இந்தக் கினெக்ட் அகச்சிவப்புப் புள்ளிகளை மணலில் வீசி, அவை இடம்மாறுவதைப் பார்த்து ஆழம் கணிக்கிறது. வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு அந்தப் புள்ளிகளை மூழ்கடித்துவிடும். அறை மங்கலாகத் தெரிந்தாலும் மணலில் நேர் வெயில் ஒரு கீற்று விழுந்தால் போதும். கனமான திரை போடுங்கள் அல்லது பெட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். குழல்விளக்கு, எல்இடி விளக்குகளால் தொல்லையில்லை; பழைய குண்டுபல்பும் ஹாலஜனும் ஆகாது. நகர்த்தும்போது கம்பம் அசைந்தால் அடித்தளச் சமன்பாட்டையும் (சமமான மணல்தளம் எங்கே இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்லும் எண்கள்) கேலிபரேஷனையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். சக்கரம் வைத்த சட்டத்தில் பெட்டி, கினெக்ட், புரொஜெக்டர் மூன்றையும் சேர்த்து இறுக்கிவிட்டால் அந்த வேலை மிச்சம்.

லினக்ஸ்_மாடி

திணறல் கிராஃபிக்ஸ் கார்டு சங்கதி. நீரோட்டக் கணக்கு முழுவதும் அதில்தான் நடக்கிறது. தனி கார்டு இல்லாவிட்டால் ‘-டபிள்யூடிஎஸ் 320 240’ என்று நீர்க்கட்டங்களை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்குங்கள் (இயல்பு 640 480). ஓடை விளிம்புகள் கொஞ்சம் முரடாகத் தெரியும், பாடத்துக்கு அது போதும். மணலைக் குவித்த பிறகு நிறம் மாற ஒரு நொடி ஆவதைத் திணறல் என்று எண்ணிவிடாதீர்கள். இரைச்சலை நீக்க 30 பிரேம்களைச் சராசரி எடுக்கிறது, அந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும்.

ஆய்வக_உதவியாளர்

மணல் பற்றியும் ஒரு கேள்வி. எம்-சாண்ட் போடலாமா? மேசை எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

மணல்மேடு

102 × 76 × 10 செ.மீ. என்றால் ஏறத்தாழ 77 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்கு 1.5 கிலோவுக்குக் குறையாது, எனவே 115–125 கிலோ. வகுப்பறை மேசை காலம் தாங்காது, இரும்புக்கோணச் சட்டம் போடுங்கள். எம்-சாண்ட் கருஞ்சாம்பல் நிறம், பச்சையும் மஞ்சளும் அதில் ஒன்றுபோலத் தெரியும், தூசும் அதிகம். வெண்மையான, சலித்துக் கழுவிய மணல் நல்லது. குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு. மாவு போன்ற ரகத்தை வாங்கவே வாங்காதீர்கள். வகுப்புக்கு முன் லேசாக நீர் தெளித்துக் கிளறினால் தூசு அடங்கும், செங்குத்துச் சரிவும் நிற்கும். பளபளக்கும் அளவுக்கு நனைத்தால் கினெக்ட்டுக்கு அந்த இடம் தெரியாமல் போகும்.

பூகோள_ஆசிரியை

பிள்ளைகள் நிறத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள், கோடு எதைக் காட்டுகிறது என்று கேட்டால் திகைக்கிறார்கள்.

மணல்மேடு

படத்தை முதலில் காட்டாதீர்கள் மேடம். இது ரொம்ப முக்கியம். புரொஜெக்டரின் வெறுந்திரைப் பொத்தானை அழுத்திவிட்டு மலையைக் குவிக்கச் சொல்லுங்கள். பெட்டியின் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஸ்கேலைக் கீழே இறக்கி, ஒரே ஆழத்தில் மணல் தொடும் இடங்களில் எல்லாம் புளியங்கொட்டை பதிக்கட்டும். கொட்டைகளைக் கம்பளி நூலால் இணைத்த பிறகு படத்தைத் திறந்தால், தாங்கள் போட்ட நூலும் விழும் கோடும் பொருந்துகிறதா என்று அவர்களே குனிந்து பார்ப்பார்கள்.

இதற்கு ‘-யூசிஎல் 1.0’ கொடுத்துக் கோட்டு இடைவெளியை 1 செ.மீ. ஆக்குங்கள், இயல்பான 0.75 ஸ்கேலோடு ஒத்துவராது. அடித்தளச் சமன்பாட்டை எடுக்கும்போதும் மணலை இதே மரச்சட்டத்தால் விளிம்புக்கு இணையாகச் சமன்படுத்தியிருக்க வேண்டும். கடல்மட்டத்தை உயர்த்த, அடித்தளச் சமன்பாடு இருக்கும் அமைப்புக் கோப்பின் முதல் வரிக் கடைசி எண்ணை -98 என்பதிலிருந்து -96 ஆக்கினால் 2 செ.மீ. ஏறும். முழு செ.மீ.யாகவே மாற்றுங்கள், பின்னம் போட்டால் நூல் கணக்கு குழம்பும்.

ஒரு மீட்டரில் கினெக்ட்டின் ஆழப் படி (அது பிரித்தறியும் மிகச் சிறிய ஆழ வேறுபாடு) சுமார் 3 மி.மீ. ஐந்துக்கு ஒன்று சரிவில் அது கிடையாக 1.5 செ.மீ. விலகலாகத் தெரியும். அதனால் இந்தப் பயிற்சிக்குச் செங்குத்தான மலையாகக் குவிக்கச் சொல்லுங்கள். 1:50,000 டோப்போஷீட்டில் (நிலத்தோற்ற வரைபடத்தில்) இந்தியாவில் கோட்டு இடைவெளி பொதுவாக 20 மீட்டர், ஒரு செ.மீ. மணலை 20 மீட்டர் என்று சொல்லிவிட்டு டோப்போஷீட்டை அருகில் விரித்தால் அதைப் படிப்பது எளிதாகும்.