தன்னிறைவு வீடா, களப் போராட்டமா: எதற்கு முதலிடம் தருவது?

கேள்வி (வேர்க்கால்)

சூழலியலில் சமரசமற்ற நிலைப்பாடு கொண்ட ஒரு சிறு குழுவில் சில ஆண்டுகளாக இயங்கி வருகிறேன். காட்டுக்கும் ஆற்றுக்கும் மனிதனுக்குப் பயன்படுவதைத் தாண்டிய சொந்த மதிப்பு உண்டு என்பதும், அழிவின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவது அவற்றைக் காப்பதாகாது என்பதும் எங்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையே என்னை வீட்டு வேலைகளின் பக்கமும் திருப்பியது. நீர் ஊற்றத் தேவையில்லாத உலர் கழிப்பறையையும், குளியல் நீரை மரங்களின் வேருக்குக் கொண்டுசெல்லும் குழாயையும் நானே அமைத்திருக்கிறேன். அடுத்து, மின் இணைப்பை அடியோடு துண்டித்துவிட்டு, கூரையில் சோலார் பலகைகளும் வீட்டினுள் பேட்டரிகளுமாக வாழலாமா என்று எண்ணுகிறேன்.

குழுவில் இது பெரிய விவாதமாகிவிட்டது. வீட்டைத் திருத்திக்கொண்டிருப்பது போராட்டத்திலிருந்து ஒதுங்குவதுதான் என்று ஒரு தரப்பினர் கடுமையாகச் சொல்கிறார்கள். தன் வாழ்முறையை மாற்றிக்கொள்ளாதவருக்கு மரத்தை வெட்டாதே என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்று மறு தரப்பினர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து எனக்குக் கிடைப்பது வார இறுதி நேரம் மட்டுமே. அனுபவமும் வரலாற்று அறிவும் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பதில் (நெடுமரம்)

இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது இந்த இயக்கத்தின் வரலாற்றோடு பொருந்தவில்லை. இயற்கைக்கு அதன் பயனைத் தாண்டிய சொந்த மதிப்பு உண்டு என்னும் ஆழ்சூழலியல் கருத்தை 1973-இல் முன்வைத்த நார்வேயின் மெய்யியலாளர் ஆர்னே நெஸ், உயர்ந்த மலைச்சரிவில் கட்டிய குடிலில் மிகக் குறைந்த பொருள்களோடு நெடுங்காலம் வாழ்ந்தவர். அவரே 1970-இல் மர்டோலா அருவியை மின் திட்டத்திலிருந்து காக்க நடந்த மறியலில் அமர்ந்து, காவல்துறையினரால் தூக்கி அகற்றப்பட்டார். அவருடைய குடில் வாழ்வையும் மறியலையும் ஒரே மனத்தின் இரு செயல்களாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது.

கலிபோர்னியாவில் ஜூலியா பட்டர்ஃப்ளை ஹில், ரெட்வுட் எனப்படும் மாபெரும் மரம் ஒன்றை வெட்டவிடாமல் காக்க அதன் மேலேயே வாழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1997 டிசம்பரில் ஏறியவர், 738 நாள்கள் கழித்து, 1999 டிசம்பரில்தான் இறங்கினார். அவருடைய மன உறுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதும்தான். ஆனால் புயலையும் குளிரையும் தாங்கும்படி சிறு மேடை அமைப்பது, தார்ப்பாயைக் கட்டுவது, குறைந்த நீரில் உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்வது, வெளியுலகோடு பேசும் தொலைபேசிக்குச் சூரிய ஒளியிலிருந்து மின்னேற்றுவது ஆகிய திறன்கள் இல்லாமல் அந்த உறுதி சில வாரங்கள்கூட நின்றிருக்காது. கீழிருந்து கயிற்றில் உணவு அனுப்பிய நண்பர்களும் இந்தத் திறன்களில் பங்குடையவர்கள். முடிவில் அந்த மரமும் அதைச் சுற்றியிருந்த சிறு பகுதியும் ஒப்பந்தத்தின் மூலம் காக்கப்பட்டன.

இங்கிலாந்தில் நியூபரி புறவழிச் சாலைக்கு எதிராக 1996-இல் நடந்த போராட்டத்திலும் மரவீடுகளையும் சுரங்கங்களையும் தாங்களே அமைத்து அங்கேயே தங்கியவர்கள்தான் பணியைத் தாமதப்படுத்தினார்கள். அந்தச் சாலை 1998-இல் திறக்கப்பட்டுவிட்டது. அதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அதே பத்தாண்டில் அந்நாட்டில் பல சாலைத் திட்டங்கள் கைவிடப்பட்டதில் இத்தகைய முகாம்களுக்குப் பங்குண்டு. ஆகவே நீங்கள் வீட்டில் கற்றவற்றைக் குழுவுக்குக் கற்றுக்கொடுங்கள் என்பதே என் கருத்து.

பதில் (கூரைவெயில்)

வரலாற்றை நண்பர் சொல்லிவிட்டார். மின் இணைப்பைத் துண்டிக்கும் எண்ணத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் அதில் நல்லெண்ணம் தவறான இடத்தில் செலவாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

தனித்து இயங்கும் அமைப்பை, வெயில் மிகக் குறைவாக உள்ள நாள்களைக் கணக்கில் கொண்டே வடிவமைக்க வேண்டும். அதனால் மற்ற நாள்களில் பேட்டரி நிறைந்த பிறகு பலகைகள் தரக்கூடிய மின்சாரம் யாருக்கும் பயன்படாமல் போகும். அதே பலகைகளைப் பொது மின்கட்டமைப்போடு இணைத்தால், உங்கள் தேவைக்கு மிஞ்சியது அடுத்த வீட்டின் விளக்கை எரிக்கும். எங்கோ எரியும் நிலக்கரியும் அந்த அளவுக்குக் குறையும். பேட்டரியின் சுமையையும் மறக்கக் கூடாது. ஈய அமில பேட்டரியில் உள்ள மின்னேற்றத்தைப் பாதிக்கும் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறையும். அதனால் தேவையைப் போல் இரு மடங்கு கொள்ளளவு வாங்க வேண்டியிருக்கும், சில ஆண்டுகளில் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த ஈயம் ஒரு சுரங்கத்திலிருந்தோ ஓர் உருக்காலையிலிருந்தோதான் வருகிறது, அங்கும் மண்ணும் மனிதர்களும் உண்டு. கம்பி எட்டாத இடத்தில் தனி அமைப்பு சிறந்த தீர்வு. கம்பி ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்கும்போது அதை அறுப்பதால் பூமிக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுங்கள்.

உங்கள் உலர் கழிப்பறையோ முழுக்க முழுக்கப் பாராட்டத்தக்கது. குடிநீர்த் தரத்திலான நீரை மலத்தோடு கலந்து, பிறகு அதைப் பெருஞ்செலவில் பிரிக்க முயல்வதைவிட விரயமான ஏற்பாடு வீட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பதில் (பொதுநிலம்)

மேலே உள்ள இரு பதில்களையும் மதிக்கிறேன். ஆனால் உங்கள் குழுவில் கடுமையாகப் பேசுகிறவர்களின் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சூழல் அழிவின் வேர் சமூகத்தின் அதிகார அமைப்பில் இருக்கிறது என்னும் சமூகச் சூழலியலை வளர்த்த அமெரிக்கச் சிந்தனையாளர் மரே புக்சின், 1987-இல் ஆழ்சூழலியலை வன்மையாக விமர்சித்தார். அழிவுக்கு மனிதகுலம் முழுவதையும் பொத்தாம்பொதுவாகக் குற்றவாளியாக்கினால், முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மறைந்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். தனிமனிதர் தம் கரியமிலத் தடத்தை, அதாவது தம் வாழ்முறையால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை, கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கத்தை 2000-களில் விளம்பரங்கள் மூலம் பரப்பியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். எண்ணெய் எடுப்பவர் கணக்குப் புத்தகத்தை நம் கையில் கொடுக்கும்போது நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓசோன் படலத்தைச் சிதைத்த வேதிப்பொருள்களின் உற்பத்தியைக் குறைக்க வைத்தது 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. வீடுவீடாக மக்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அது நடந்திருக்காது.

களத்துக்குச் செல்வதிலும் ஓர் எல்லை வேண்டும். கலிபோர்னியாவில் 1987-இல், மரத்துக்குள் இருந்த ஆணியில் அறுவை வாள் மோதி உடைந்து, மர ஆலைத் தொழிலாளி ஒருவர் முகத்தில் படுகாயம் அடைந்தார். அந்த ஆணியை அறைந்தவர் யார் என்பது கண்டறியப்படவில்லை. ஆனால் மரம் வெட்டுவதைத் தடுக்க மரங்களில் ஆணி அறைவது அக்காலத்தில் தீவிரச் சூழலியலாளர் சிலர் வெளிப்படையாக ஆதரித்த உத்தி. எர்த் ஃபர்ஸ்ட் என்ற தீவிரச் சூழலியல் இயக்கத்தைச் சேர்ந்த ஜூடி பாரியும் அவருடைய வட கலிபோர்னியத் தோழர்களும் 1990-இல் அந்த உத்தியைப் பகிரங்கமாகக் கைவிட்டு, ஆலைத் தொழிலாளர்களோடு கைகோக்க முனைந்தார்கள். கூலிக்கு மரம் அறுப்பவரை எதிரியாக்கும் எந்தத் தீவிரத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு முறை செய்தால் நிலைத்து நிற்கும் வீட்டு வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஓயாமல் பராமரிப்புக் கேட்பவற்றைத் தவிர்த்து, மீந்த பொழுதைக் குழுவுக்குக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர் (வேர்க்கால்)

மூவருக்கும் நன்றி. இணைப்பைத் துண்டிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பலகைகளை மட்டும் கட்டமைப்போடு இணைப்பேன். பேட்டரிக்காக ஒதுக்கிய பணத்தில், முகாம்களுக்கு எடுத்துச் செல்லக்கூடிய உலர் கழிப்பறைகளைக் குழுவோடு சேர்ந்து செய்ய விரும்புகிறேன். பலர் பயன்படுத்தும்போது நோய் பரவாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் (கூரைவெயில்)

ஒவ்வொரு முறையும் மரத்தூளாலோ உலர்ந்த சருகாலோ மலம் தெரியாத அளவுக்கு மூட வேண்டும். ஈயையும் நாற்றத்தையும் தடுப்பதோடு, நைட்ரஜன் மிகுந்த கழிவுக்குத் தேவையான கரிமச் சத்தையும் அதுவே தருகிறது. குவியலில் கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் நன்றாகச் சூடேறும். 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் சில நாள்கள் தொடர வேண்டும், குவியலின் ஓரங்கள் நடுவுக்கு வரும்படி கிளறிவிட்டு மீண்டும் சூடேற்ற வேண்டும். மனிதக் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. ஆகவே சூட்டை மட்டும் நம்பாமல் குவியலை ஓராண்டாவது மூடி வைத்திருந்து, அதன் பிறகும் மரங்களுக்கே இடுங்கள், காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். முகாமில் சிறுநீரைத் தனியே பிரித்துவிட்டால் வாளி அவ்வளவு விரைவில் நிறையாது. நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்றையும், கை கழுவ நீரும் சோப்பும் உள்ள ஒரு மேடையையும் கழிப்பறையோடு சேர்த்தே செய்துவிடுங்கள்; கை கழுவும் இடம் பத்தடி தள்ளிப் போனாலே பலர் அதைப் பயன்படுத்தாமல் போய்விடுவார்கள்.