லினக்ஸை ஏற்றும் லைலோ ‘எல்ஐ’ என்று நின்றுவிடுகிறது, அவசரம், உதவி செய்யுங்கள்

மடைக்கணக்கு (இரவு 9.10)
வணக்கம். அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டு எழுத்து வந்து அப்படியே நிற்கிறது. எந்தக் கீயை அமுக்கினாலும் அசையவில்லை. போன வாரம் வரை ஓடிய மெஷின். உள்ளே இருக்கும் கோப்புகள் கட்டாயம் வேண்டும். யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

ஜங்ஷன்வாசி (9.18)
என்ன மெஷின்? டிஸ்க் எத்தனை ஜிபி? எந்த லினக்ஸ்? போன வாரத்துக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? இதெல்லாம் சொன்னால்தான் பேச முடியும்.

கொக்கிரகுளம்_கரை (9.25)
2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த மெஷினா? எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு நல்லாத்தான் ஓடியது, ஆறேழு மாதம் கழித்து, டிஸ்கை இணைக்கும் ஐடிஇ கேபிளின் பின்கள் பச்சை பூத்து ஒவ்வொன்றாகப் படுத்தன. கேபிளைக் கழற்றி, பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு அதுதான் என்று தோன்றுகிறது.

சாரல்98 (9.31)
விண்டோஸ் 98 பூட் ஃப்ளாப்பி போட்டு ‘எஃப்டிஸ்க் ஸ்லாஷ் எம்பிஆர்’ கொடுங்கள், டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள பூட் நிரலைப் புதிதாக எழுதிவிடும். பூட் பிரச்சினை எதுவானாலும் நான் முதலில் செய்வது அது. பத்தில் எட்டு தடவை சரியாகியிருக்கிறது.

பழைய_வட்டு (9.40)
பதினைந்து வருடமாக இதே கேள்வி இதே மாதிரி வருகிறது. ‘எல்ஐ’ என்றால் என்ன என்று லைலோவின் கையேட்டிலேயே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல் மட்டும் வந்து பக்கத்தில் எண்கள் ஓடினால் ஒன்று, எல்ஐ என்றால் ஒன்று, எல்ஐஎல் என்றால் வேறொன்று. அதைப் படித்துவிட்டு, மெஷின் விவரத்தோடு வந்தால் பதில் சொல்ல எனக்கும் மனம் வரும். கேட்கத் தெரிவதும் ஒரு படிப்பு.

அம்பை_வாத்தியார் (9.52)
சாரல், அந்த எம்பிஆர் யோசனை இங்கே வேண்டாம். லைலோ டிஸ்கின் முதல் துண்டான முதல் செக்டரில் இருந்தால் அதன் முதல் பாதியே அழிந்துபோகும். இப்போது இரண்டு எழுத்தாவது வருகிறது, அப்புறம் அதுவும் வராது. மடைக்கணக்கு, யார் சொன்னாலும் டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். ஜங்ஷன் கேட்ட நாலு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள், அது போதும்.

மடைக்கணக்கு (10.20)
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். பென்டியம் மெஷின், சமாதானபுரத்தில் வீட்டு மாடியில் இருக்கிறது, வெள்ளம் ஏறவில்லை. அலமாரியில் ரெட்ஹாட் 6.2 குறுந்தகடு இருக்கிறது, அதைத்தான் போட்டிருப்பார். டிஸ்க் 4.3 ஜிபி. மேலே ஒட்டிய தாளில் 8894 சிலிண்டர், 15 ஹெட், 63 செக்டர் என்று அச்சிட்டிருக்கிறது.

மாற்றியது என்று எதுவும் இல்லை. கடிகாரம் தினமும் பின்தங்கியதால் டவுனில் ஒரு வாட்ச் கடையில் சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான்.

பாளையங்கால்வாயில் எங்கள் பக்கத்து மடைகளின் பெயர், ஒவ்வொரு மடைக்கும் பாயும் வயல்களின் பெயர், எல்லாம் அப்பா ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தட்டி வைத்தது அதில் இருக்கிறது. சொன்ன பெரியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அப்பாவும் போன கார்த்திகையில் தவறிவிட்டார். முதல் திதிக்குள் அதைச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டும்.

ஜங்ஷன்வாசி (10.24)
பேட்டரி மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் செய்தபோது திரையில் என்ன வந்தது? என்ன அமுக்கினீர்கள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

மடைக்கணக்கு (10.37)
செக்சம் பிழை என்று வந்தது. எஃப்1 அமுக்கச் சொன்னது, அமுக்கினேன். டிஸ்கே இல்லை என்றது. டெலீட் அமுக்கி உள்ளே போய் ‘ஐடிஇ ஹெச்டிடி ஆட்டோ டிடெக்‌ஷன்’ கொடுத்தேன். மூன்று வரி காட்டி எது வேண்டும் என்று கேட்டது. முதல் வரியில் 523, 255, 63 என்று இருந்தது. அடுத்த வரியில், ஒன்றாம் எண் போட்டு இருந்ததுதான் தாளில் உள்ள கணக்கோடு ஒத்துப்போனது, அதனால் அதைக் கொடுத்தேன். தப்பா?

அம்பை_வாத்தியார் (11.15)
அங்கேதான் இருக்கிறது கோளாறு. பேட்டரியைக் கழற்றியதும் மெஷின் நினைவில் வைத்திருந்த டிஸ்க் கணக்கு அழிந்துவிட்டது, நீங்கள் கொடுத்தது வேறு கணக்கு. தாளைப் பார்த்துத் தேர்ந்தது யாரும் செய்யக்கூடியதுதான், அதற்கு வருத்தப்படாதீர்கள். டிஸ்கில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. நடந்ததைச் சொல்கிறேன், புரிந்துகொண்டு கை வைத்தால் பயம் இருக்காது.

ஆன் செய்ததும் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்), டிஸ்கின் முதல் செக்டரில் உள்ள 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் இறக்கும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் உள்ளே குதிக்கும். அந்த 512இல் பார்டிஷன் பட்டியல் 64 பைட் பிடித்துக்கொள்கிறது. அந்த இரண்டு பைட்டும் போக மீதி 446 பைட்டுக்குள்தான் லைலோவின் முதல் பாதி இருக்க வேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில் ‘கோப்பைத் தேடு’ என்ற வேலையெல்லாம் அதற்கு இல்லை. இரண்டாம் பாதி டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, லைலோவை நிறுவிய அன்றே சிலிண்டர், ஹெட், செக்டர் என்று எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. எழுந்ததும் ‘எல்’ போடும். அந்த எண்களை பயாஸிடம் கொடுத்து இரண்டாம் பாதியை வாங்கும். ‘ஐ’ போடும். பிறகு வாங்கியதற்குள் குதிக்கும்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸின் கையில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் 1024 சிலிண்டருக்கு மேல் பயாஸால் கேட்க முடியாது. ஐடிஇ பக்கம் 16 ஹெட்டுக்கு மேல் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் 1024, 16, 63 என்று 528 எம்பியோடு முடிந்துவிடும். அதைத் தாண்டத்தான் எல்பிஏ என்ற முறை வந்தது. சிலிண்டரைக் குறைத்து ஹெட்டைக் கூட்டி, 523, 255, 63 என்று பயாஸ் டிஸ்கைக் காட்டும். உங்கள் அப்பா நிறுவியபோது அந்த முறைதான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணம் போடுகிறேன். சிலிண்டர் 5, ஹெட் 10, செக்டர் 1 என்று லைலோ எழுதி வைத்திருக்கிறது என்று வையுங்கள். 255 ஹெட் கணக்கில் ஒரு சிலிண்டருக்கு 16,065 செக்டர். ஐந்துக்கு 80,325, பத்து ஹெட்டுக்கு 630. ஆக 80,955ஐத் தாண்டினால் அந்த இடம். அதே எண்களை இப்போதைய 15 ஹெட் கணக்கில் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 945தான். 4,725உம் 630உம் சேர்ந்து 5,355. அந்த இடமும் டிஸ்கில் உண்டு, படிக்கவும் முடியும். அதனால்தான் எண் ஓடும் பிழை எதுவும் வரவில்லை. வேறு எதையோ படித்துவிட்டு, அதை நிரல் என்று நம்பிக் குதித்து, அங்கேயே நிற்கிறது. முதல் செக்டர் மட்டும் எந்தக் கணக்கிலும் முதல் செக்டர்தானே, அதனால் ‘எல்’ தவறாமல் வருகிறது.

செய்ய வேண்டியது: திரும்ப ஆட்டோ டிடெக்‌ஷன் போங்கள். எல்பிஏ என்று முடியும் வரியைத் தேர்ந்து, சேமித்து வெளியே வாருங்கள். அதிலும் வராவிட்டால் லார்ஜ் என்ற வரி. எதிலும் டிஸ்கில் எழுதும் வேலை இல்லை.

கொக்கிரகுளம்_கரை (11.22)
வாத்தியார் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் கேபிளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாடியிலும் ஈரக்காற்று உண்டு.

பழைய_வட்டு (11.30)
பேட்டரி மாற்றியதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். அதோடு இதில் லைலோவின் தப்பு ஒன்றும் இல்லை. அது கோப்பமைப்பை அறியாது என்பது குறை போலத் தெரியும், உண்மையில் அதுதான் அதன் பலம். எந்தக் கோப்பமைப்பில் லினக்ஸின் மைய நிரலான கர்னல் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

கோடகன்11 (11.44)
பலம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸை பிடிபி-11 என்ற பழைய கம்ப்யூட்டரின் சிமுலேட்டரில் வாராவாரம் பூட் செய்கிறேன். ஆர்கே05 டிஸ்கின் முதல் பிளாக், அதுவும் 512 பைட்தான், நினைவகத்தின் பூஜ்ய முகவரியில் இறங்குகிறது. ஒரு ‘அட்’ குறி போட்டுக் காத்திருக்கிறது. ‘யூனிக்ஸ்’ என்று தட்டினால் கோப்புப் பெயர்களின் பட்டியலான ரூட் அடைவைத் தானே வாசித்து, அந்தப் பெயரைத் தேடி, கோப்பின் விவரம் உள்ள ஐநோடைப் பிடித்து, கர்னலை ஏற்றுகிறது. கோப்பை வேறு இடத்துக்கு மாற்றினாலும் பெயர் இருந்தால் போதும். லைலோவில் கர்னலை நகலெடுத்து அதே பெயரில் வைத்தாலும் திரும்ப லைலோவை ஓட்டாவிட்டால் கதை முடிந்தது. 512 பைட்டுக்குள் அந்தக் காலத்திலேயே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

பழைய_வட்டு (11.58)
ஆறாம் பதிப்பின் அடைவில் ஒரு பெயருக்கு 16 பைட். இரண்டு பைட் ஐநோடு எண், பதினாலு பைட் பெயர். அதைப் படிக்க எத்தனை வரி நிரல் வேண்டும்? டிஸ்கும் ஒரே வகை, சுமார் 2.5 எம்பி. பிசியில் நூறு கம்பெனி டிஸ்க், மூன்று மொழிபெயர்ப்பு முறை, நாலு பார்டிஷன், அதில் ஒன்றில் டாஸ். ஒப்பிடுவதே நியாயமில்லை.

கோடகன்11 (நள்ளிரவு 12.06)
நியாயம்தான். ஆனால் பெயரைத் தேடிப் போகிறவனுக்கும் கதவு எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு போகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. தெருவுக்கு எண் மாற்றிப் போட்டால் இரண்டாமவன் வேறு வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். மடைக்கணக்கு வீட்டில் இன்றைக்கு நடந்தது அதுதான்.

அம்பை_வாத்தியார் (12.15)
இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் பயாஸிடம் டிஸ்க்கைக் கேட்கும்போது கோடகன் சொல்லும் முறைக்கும் இதே கணக்குதான் வேண்டும், கணக்கை அன்றன்று கேட்காமல் எழுதி வைத்துக்கொண்டால், அது மாறும்போது அடைவும் கிடைக்காது. லைலோ.கான்ஃப் கோப்பில் ‘லீனியர்’ என்று ஒரு வரி சேர்த்து லைலோவை ஓட்டினால், சிலிண்டர் எண்ணுக்குப் பதில் வரிசை எண்ணை எழுதிக்கொள்ளும். பூட் ஆகும்போது பயாஸிடம் அன்றைய கணக்கைக் கேட்டு மாற்றிக்கொள்ளும். அது இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. இந்தப் பேச்சுக்குத் தனி இழை போடலாம். இங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

ஜங்ஷன்வாசி (12.20)
மடைக்கணக்கு, பூட் ஆனாலும் ஆகாவிட்டாலும் அடுத்து டிஸ்கை முழுசாகப் படி எடுங்கள். ஐடிஇயிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கருவி என்னிடம் இருக்கிறது. முருகன்குறிச்சிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஜம்பரை மாஸ்டரில் வைத்து, வேறு லினக்ஸ் மெஷினில் டிடி கட்டளையால் எடுத்தால் 4.3 ஜிபி ஒரு பென்டிரைவிலேயே அடங்கிவிடும். லினக்ஸ் ஏறிய பிறகு பயாஸின் கணக்கை நம்பாது, நேரே டிஸ்கிடம் பேசும். அதனால் வேறு மெஷினில் மாட்டினால் இந்த எல்ஐ தொல்லை குறுக்கே வராது.

கோடகன்11 (12.31)
கோப்புகள் தமிழில் என்றால் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். திறந்ததும் பூச்சி எழுத்தாகத் தெரிந்தால் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து எதையும் திருத்திச் சேமிக்காதீர்கள். யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன்.

சாரல்98 (காலை 6.50)
வாத்தியார் சொன்ன பிறகு யோசித்தேன். நான் சொன்ன எம்பிஆர் வழியை யாரும் செய்ய வேண்டாம்.

பழைய_வட்டு (7.15)
என்ன ஆயிற்று என்று எழுதிவிட்டுப் போகலாமே. கேட்க மட்டும் வருகிறார்கள்.

மடைக்கணக்கு (மூன்றாம் நாள், இரவு 8.05)
எல்பிஏ வைத்தேன். எல், ஐ, எல், ஓ நாலும் வந்தது. டிஸ்க் சோதித்து நெடுநாள் ஆகிறது என்று சொல்லித் தானே ஒரு சோதனை ஓட்டியது, பிறகு லாகின் கேட்டது. அப்பாவின் பாஸ்வேர்டு அவர் டைரியின் பின்னட்டையில் இருந்தது. 41 கோப்புகள். திறந்தால் பூச்சி எழுத்துதான், கோடகன் சொன்னபடி கை வைக்கவில்லை. நாளை ஜங்ஷன் அண்ணாச்சியிடம் டிஸ்கைக் கொண்டுபோகிறேன். எல்லாருக்கும் நன்றி.

அம்பை_வாத்தியார் (8.20)
மனசு நிறைந்தது. கழற்றுமுன் பயாஸில் அந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி, மெஷினின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த பேட்டரிக்கு ஆகும்.

பழைய_வட்டு (8.41)
படி எடுத்த பிறகு லீனியர் வரி சேர்த்து லைலோவை ஓட்டுவீர்களா?