சட்டைக் காலரில் ஒரு குறி: செட்டிநாட்டுத் துப்பறியும் காதல் நாவலும் சில சந்திப்புகளும்

காரைக்குடியிலிருந்து:

இரண்டு ஆண்களின் காதலையும் மூடிக்கிடக்கும் ஒரு மரண வழக்கையும் வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை இதுதான். 1983இல் ஊரணியில் ஒரு உடல் மிதக்கிறது. யாரென்று தெரியவில்லை என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். 2019இல் இரண்டு பேர் அதைக் கையில் எடுக்கிறார்கள். ஒருவர் எஸ்.ஐ., மற்றவர் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். தேடப்போன இடத்தில் இவர்களுக்குள்ளும் காதல் வருகிறது. இதற்காக நான் போய்ப் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. அதே மாதிரி அனுபவம் உள்ளவர்களும் எழுதுங்கள்.

முதலில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். பட்டாலையில் உட்கார வைத்து, காபி கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். செத்துப்போனவன் கல்யாணம் ஆகாதவன், அந்த வீட்டு ஏடுகளில் அவனைப் பற்றி என்ன இருக்கும் என்று கேட்டேன். ஆச்சி யோசிக்கவே இல்லை. "கல்யாணமாகாதவனுக்கு ஏதுப்பா தனிப் புள்ளி? அப்பச்சி புள்ளியோட சேந்தவன்தானே" என்றார். புள்ளி என்றால் கோயில் கணக்கில் ஒரு குடும்பம். நகரத்தார் கணக்கில் கல்யாணம் ஆனால்தான் ஒருவன் கோயிலில் தனிப் புள்ளி, அதுவரை அப்பச்சி, அதாவது அப்பா, புள்ளியில்தான். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளும் கல்யாணமான மகன்களுக்குத்தான் ஒதுக்கப்படும். காலணாவைக்கூட விடாமல் எழுதிவைத்த குடும்பங்கள் இவை. இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் இருக்கும், மொய்ப்பண ஏடு இருக்கும், பேரேடு இருக்கும். அத்தனையிலும் அவனுக்கென்று ஒரு வரி இருக்காது. "கொண்டுவிக்க மலேயா போயிட்டான்" என்று, அதாவது தொழில் பார்க்கப் போய்விட்டான் என்று, வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் ஊரும் அதோடு விட்டுவிடும். ஆச்சி இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் கதையில் கொலையை மறைக்க யாரும் பெரிய சதி செய்ய வேண்டியதில்லை என்று அங்கேதான் தெரிந்தது.

அப்புறம், ஓய்வு பெற்ற ஒரு ஏட்டையா. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். "தம்பி, அப்பல்லாம் டி.என்.ஏ.யா இருந்துச்சு? சட்டைக் காலரைத் திருப்பித்தான் பாப்போம்" என்றார். வெளுக்கப் போடும் துணியில் எந்த வீட்டுத் துணி என்று தெரிய சேங்கொட்டைச் சாற்றில் ஒரு சின்னக் குறி போடுவார்கள். எத்தனை தடவை துவைத்தாலும் அது போகாது. அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் போலீஸ் வெளுப்பவர்களைக் கூப்பிட்டு அந்தக் குறியைக் காட்டும். பள்ளிக்கூடம் பக்கம் போகாத ஒரு பெரியவர் ஒரே பார்வையில் வீட்டைச் சொல்லிவிடுவாராம். அதைச் சொல்லும்போது ஏட்டையா குரலில் அவ்வளவு மரியாதை.

ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்தும் காட்டினார். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. பக்கத்திலேயே இன்னொன்று: இரண்டு புள்ளி, குறுக்கே கோடு. "இது ஒரு வீடு, இது வேற வீடு. இத மாத்திப் படிச்சா கேஸே மாறிப்போகும்."

நாவலின் முடிச்சை அன்றைக்கே மாற்றி எழுதினேன். ஊரணியில் கிடந்தவன் போட்டிருந்தது தன் வீட்டுச் சட்டை இல்லை, காதலனுடைய சட்டை. போலீஸ் குறியைப் பார்த்துச் சரியான வீட்டுக்குத்தான் போகிறது. அங்கே இருப்பவன், "சட்டை கொடியிலிருந்து காணாமல் போனது, ஆளைத் தெரியாது" என்று சொல்லிவிடுகிறான். வேறு என்ன சொல்வான்? உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆவது பிரிவில் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு ஆயுள் தண்டனை வரை இருந்தது. அவனைக் கொன்றது யாரென்று இவனுக்குத் தெரியும். சொல்வதற்குத்தான் வழியில்லை.

தடயம் கிடைக்காததால் இந்த வழக்கு முடங்கவில்லை என்பதுதான் என் நாவல் சொல்ல வருவது. தடயம் காலரிலேயே இருந்தது, சாட்சியும் ரெண்டு தெரு தள்ளி உயிரோடுதான் இருந்தார். அவரைப் பேசவிடாமல் வைத்திருந்தது சட்டம். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் இப்படிப்பட்ட உறவு குற்றமில்லை என்று தீர்ப்பு சொன்ன பிறகுதான் அவர் அதிலிருந்து வெளியே வருகிறார்.

தேவகோட்டைக்காரன், இப்போது சிங்கப்பூரில்:

அண்ணே, படித்துவிட்டு ராத்திரி தூங்கவே இல்லை. நானும் ஆணை விரும்புகிற ஆண்தான். ஊருக்கு வந்தால் பிள்ளையார்பட்டியில் தரிசனம் முடிந்து பிரசாதம் வாங்குவதற்குள்ளேயே யாராவது "எப்பப்பா புள்ளியாகப் போற?" என்று கேட்டுவிடுவார்கள். பாசமாகத்தான் கேட்கிறார்கள். அதனால்தான் பதில் சொல்லவும் முடிவதில்லை.

என் சந்திப்பு எங்கள் ஐயாவோடு, அதாவது தாத்தாவோடு. அவர் சின்ன வயதில் இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், நகரத்தார் கடை வைத்துத் தங்கவும் செய்த கட்டடத்தில், பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்கு இருந்தவர். குடும்பம் எல்லாம் ஊரில். ஆண்கள் மட்டும் வருடக்கணக்கில் ஒரே கூடத்தில் பெட்டகத்தையும் பாயையும் போட்டுக்கொண்டு வாழ்ந்த இடம் அது. ஒருநாள் பேச்சுவாக்கில், கடையை நடத்திய ஒரு மேலாளையும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஒரு அடுத்தாளையும் பற்றிச் சொன்னார். "அவுக ரெண்டு பேரும் ஒன்னாவே இருந்தாக. ஒருத்தர் ஊருக்குப் போனப்ப மத்தவர் சாப்பிடல." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்காகவே அதைச் சொன்னார் என்று இன்றுவரை நம்புகிறேன்.

இங்கே ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வாக்களித்தார்கள். அதைக் கேட்க ஐயா இல்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த எஸ்.ஐ.யையும் கடைக்காரரையும் கடைசியில் பிரித்துவிடாதீர்கள், சாகடிக்கவும் வேண்டாம். நம்மைப் பற்றிய கதை என்றாலே அழுதுகொண்டே மூடிவைக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் போட்ட தரையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் சாப்பிடுவதை யாராவது எழுதினால் போதும், நான் நூறு பிரதி வாங்கி ஊரெல்லாம் கொடுப்பேன்.

மதுரையிலிருந்து, வழக்கறிஞர்:

உயர் நீதிமன்றக் கிளையில் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். கதை சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

கொலைக்குக் காலவரம்பு கிடையாது, அதனால் 36 வருடம் ஒரு தடையே இல்லை. உங்கள் கதை 2019இல் நடப்பதால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே எழுதுங்கள். மேல்விசாரணைக்கு 173(8), நடுவர் முன் வாக்குமூலத்துக்கு 164. புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தன. இன்னொன்று, 1983இல் சிவகங்கை மாவட்டமே கிடையாது. காரைக்குடி அப்போது ராமநாதபுரம் மாவட்டம், பிரித்தது 1985இல். உங்கள் எஸ்.ஐ. பழைய காகிதங்களைத் தன் மாவட்டத்தில் தேடி அலைந்தால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அதுவே ஒரு நல்ல அத்தியாயம்.

என் சந்திப்பையும் சொல்கிறேன். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் நீதிமன்ற வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இறந்தவரோடு அவருக்கு என்ன உறவு என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது 2018க்கு முன்னால். பின்னாலேயே ஓடினேன், பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். "மேடம், நான் அவரப் பத்திச் சொல்லணும்னா என்னப் பத்தியும் சொல்லணும்ல" என்றார். நான் கொடுக்கக்கூடிய உத்தரவாதம் எதுவும் சட்டத்தில் இல்லை.

சாட்சி தாமதமாகப் பேசினால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்பதுதான். அதற்குத் தகுந்த விளக்கம் இருந்தால் தாமதம் ஒன்றை மட்டும் வைத்து சாட்சியத்தைத் தள்ளிவிட மாட்டார்கள். உங்கள் பெரியவரிடம், 1983இல் ஆளைத் தெரியாது என்று சொன்ன அந்தக் காதலனிடம், அந்த விளக்கம் இருக்கிறது. 2018 தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இந்த மக்களிடமும் இவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அரசு வழக்கறிஞர் அந்தப் பத்தியை வாசித்துவிட்டு உட்காரலாம்.

எஸ்.ஐ.யைப் பற்றியும் கவலையாக இருக்கிறது. பால்புதுமையினரை, அதாவது தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் போன்றவர்களை, போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டில் நடத்தை விதி வந்தது 2022இல்தான். 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு பெண் ஜோடி பாதுகாப்புக் கேட்டுப் போட்ட சுஷ்மா வழக்கில் கொடுத்த உத்தரவைத் தொடர்ந்து நடந்த மாற்றம் அது. 2019இல் ஸ்டேஷனில் யாராவது மோப்பம் பிடித்தால் அவர் கையில் காட்ட ஒரு தாள்கூட இல்லை. பயந்துகொண்டேதான் விசாரிப்பார். அந்தப் பயத்தைப் பார்த்துத்தானே பெரியவர் இவரிடம் மட்டும் வாயைத் திறக்க வேண்டும்?

காரைக்குடியிலிருந்து:

மேடம், அந்தக் கடைசி வரியைத்தான் நான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஏன் இவரிடம் பேசுகிறார் என்பதற்கு என்னிடம் பதிலே இல்லை. இனி அந்தக் காட்சியில் எஸ்.ஐ. கேள்வி கேட்க மாட்டார். தன்னைப் பற்றித்தான் முதலில் சொல்வார்.

தேவகோட்டைத் தம்பிக்கு: பணியாரம் நிச்சயம் உண்டு, இரண்டு பேரும் உயிரோடும் இருப்பார்கள். ஐயா சொன்ன அந்த இரண்டு பேரை நாவலில் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். பெயர், ஊர், கடைவிலாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன்.

164 வாக்குமூலத்தில் நடுவர் முதலில் என்ன கேட்பார், பெரியவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவார்களா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள். அடுத்த அத்தியாயம் அங்கேதான் நிற்கிறது.