கிட்னி பூனைக்கு ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல்: பிரித்துத் தயிரில் கலந்து கொடுக்கலாமா?

செல்லூர் ஜிமிக்கி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை ஜிமிக்கிக்கு 12 வயது. நாட்டுப் பூனைதான், கருத்தடை ஆனது. கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். மணல் தட்டை அள்ளி மாளவில்லை. 4 கிலோவுக்கு மேல் இருந்தவள் இப்போது 3.3 கிலோ. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் என்ற கழிவு 3.4, யூரியா 140, பாஸ்பரஸ் 6.9 என்று வந்திருக்கிறது. கிட்னி பாதிப்பு என்று சொல்லி, கிட்னி உணவும் ஒரு ப்ரோபயாடிக் கேப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். குடலில் நல்ல பாக்டீரியா பெருகினால் யூரியாவை அது தின்றுவிடும், கிட்னிக்குச் சுமை குறையும் என்று விளக்கினார்.

கேப்ஸ்யூலைப் பார்த்தாலே பீரோவுக்கு அடியில் போய்விடுகிறாள். பிடித்து வாயில் போட்டால் நுரை நுரையாகக் கக்குகிறாள். அம்மாவின் கையெல்லாம் கீறல். அதனால் கேட்கிறேன், பிரித்துப் பொடியைச் சாப்பாட்டில் தூவலாமா? அம்மா கேட்பது இன்னொன்று: தயிரிலும் பாக்டீரியாதானே இருக்கிறது, இரண்டு ஸ்பூன் தயிர் வைத்தால் ஆகாதா? தயிர் என்றால் ஜிமிக்கிக்கு உயிர்.

அப்புறம், மருந்து கூரியரில் வந்தது. ஃப்ரிட்ஜில் வைக்கவும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, ஆனால் உள்ளே இருந்த ஐஸ் பை உருகி வெதுவெதுப்பாக இருந்தது. இந்தக் கத்திரி வெயிலில் அந்தப் பாக்டீரியா உயிரோடு இருக்குமா? டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், திங்கள்கிழமைதான் வருவார்.

மூலிகைத் தோட்டம்:

தம்பி, கேப்ஸ்யூல் எல்லாம் எதற்கு? மூக்கிரட்டைக் கீரையும் நெருஞ்சில் முள்ளும் சேர்த்துக் கஷாயம் வைத்து, பில்லரில் ஐந்து மில்லி விடுங்கள். வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கலாம். எங்கள் மாமனாருக்குக் கிட்னிக் கல் அதில்தான் கரைந்தது. நீர் நன்றாகப் பிரியும்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

மூலிகைத் தோட்டம் ஐயாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமனாருக்கு இருந்தது கல். ஜிமிக்கிக்கு இருப்பது வேறு. இவளுடைய சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறாள். ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் உடம்பிலிருந்து கஷாயம் கொடுத்து இன்னும் நீரைப் பிரித்தால் நிலைமை மோசமாகும். நெருஞ்சில் மேய்ந்த ஆடுகளுக்கு ஈரல் கெட்டு, முகம் வீங்கி, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து போவதை நம் பக்கத்துக் கிடைகளில் பார்த்தவர்கள் இருப்பார்கள். பூனையின் ஈரல், மனிதனின் ஈரல் செரிக்கிற பலவற்றைச் செரிக்காது. பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நமக்கு ஆகிற கஷாயம் அதற்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி ஜிமிக்கி தம்பிக்கு. ரிப்போர்ட்டில் ‘யூரியா’ என்று அச்சாகியிருக்கிறதா, ‘பியூஎன்’ (யூரியாவில் உள்ள நைட்ரஜனின் அளவு மட்டும்) என்றா என்று ஒரு தடவை பாருங்கள். நம் ஊர் லேப்களில் பல, மனிதர்களுக்குப் போடுவதைப் போல யூரியா என்றே போடுகின்றன. அதை 2.14 ஆல் வகுத்தால்தான் பியூஎன். 140 யூரியா என்றால் பியூஎன் சுமார் 65. வெளிநாட்டுப் பக்கங்களில் பியூஎன் அளவைப் படித்துவிட்டு 140ஐ அதோடு ஒப்பிட்டு, பூனை இன்றிரவு போய்விடும் என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

ஐரிஸ் என்ற பன்னாட்டுக் குழு வகுத்த படிநிலை இருக்கிறது. பூனைக்குக் கிரியாட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்கு. 3.4 மூன்றாம் நிலையில் விழுகிறது. ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது எடுத்த எண்ணை வைத்து நிலை சொல்லக் கூடாது. நீர் ஏற்றி, தெளிந்த பிறகு மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு உறுத்துவது பாஸ்பரஸ்தான். மூன்றாம் நிலைப் பூனைக்கு அது 5க்குக் கீழே இருக்க வேண்டும், இவளுக்கு 6.9. கிட்னி உணவின் முக்கிய வேலையே பாஸ்பரஸைக் குறைப்பது. அது போதாவிட்டால் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிற, உணவோடு கலக்கிற பைண்டர் மருந்து இருக்கிறது. ப்ரோபயாடிக் பாஸ்பரஸைத் தொடாது.

சரி, ப்ரோபயாடிக். உங்கள் டாக்டர் சொன்னதில் பொய் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற முடியாத யூரியா குடலுக்குள்ளும் கசியும். அங்கே அதை உண்ணும் பாக்டீரியாவை இறக்கினால் கொஞ்சம் மலத்தோடு போகும் என்பது யோசனை. குடலில் கெட்ட கூட்டம் பெருகினால் புரதத்திலிருந்து இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் போன்ற நஞ்சுகள் உருவாகி இரத்தத்துக்கு வரும், அதுவும் உண்மை. கிட்னிப் பூனைகளின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்துபோயிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். யோசனை நல்லதுதான், சான்றுதான் மெலிவு. இந்த வகையில் பெயர்போன அசோடில் கேப்ஸ்யூலைப் பிரித்து உணவில் தூவிக் கொடுத்துப் பூனைகளில் ஒரு சிறிய சோதனை நடந்தது, 2011இல் வெளியானது. வெறும் பொடி தின்ற பூனைகளுக்கும் மருந்து தின்ற பூனைகளுக்கும் யூரியாவிலும் கிரியாட்டினினிலும் வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. அந்தக் கேப்ஸ்யூலின் மேல் பூச்சு வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரைவதற்காகப் போட்டது. பிரித்தால் பாக்டீரியா பாதி வழியிலேயே செத்துவிடும். முழுதாக விழுங்கினால் கொடுங்கள், இல்லையென்றால் காசை மிச்சம் பிடித்துப் பாஸ்பரஸுக்கும் தண்ணீருக்கும் செலவழியுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நாளைக்கு யூரியா குறைந்தாலும் சிறுநீரகம் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. பூனை சாப்பிடாமல் கிடந்தாலும் யூரியா குறையும். தசை கரைந்தால் கிரியாட்டினினும் குறையும், ஏனென்றால் அது தசையிலிருந்து வருவது. எடை இறங்க இறங்க எண்ணும் இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சமையல் தராசு இருந்தால் வாரம் ஒரு தடவை நிறுத்துக் குறித்து வையுங்கள்.

தயிரைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒரு ஸ்பூன் கெடுதல் இல்லை, அது மருந்தும் இல்லை. வீட்டுக்கு வீடு உறை மாறும், அதில் எந்த பாக்டீரியா எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தயிர்ச் சாதமாகப் பிசைந்து, உப்புப் போட்டு, அதுவே சாப்பாடு என்று ஆக்கிவிடாதீர்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியில் இருந்துதான் கிடைக்கும். பிடிக்குமே என்று தொட்டுக்கொள்ளக் கருவாடு வைப்பதையும் நிறுத்துங்கள்.

ஐஸ் உருகிய பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். உயிரோடு இருக்கிறதா செத்ததா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

கம்பம் கோம்பை:

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்களிடம் ஏழு வயசு கோம்பை நாய். திராட்சைத் தோட்டத்துக் காவல். ரெண்டு நாளாக வாந்தி, சோர்ந்து கிடக்கிறான். இங்கே பார்த்ததில் கிரியாட்டினின் 2.6. இந்த ப்ரோபயாடிக் நாய்க்கும் உண்டா? தேனி வரைக்கும் போய் வாங்கி வந்துவிடலாமா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

தேனிக்கு நாயோடு போங்கள், மருந்துக்காகப் போகாதீர்கள். பந்தலுக்கு அடியில் உதிர்ந்த பன்னீர் திராட்சையைத் தின்றானா? திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களுக்கு ஓரிரு நாளில் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். எந்த நாய்க்கு எத்தனை பழம் என்று கணக்கே கிடையாது. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021 வாக்கில் கண்டு சொன்னார்கள். அதே அமிலம் புளியிலும் இருக்கிறது, அதனால் புளியோதரை மிச்சத்தைத் தட்டில் கொட்டுவதும் வேண்டாம்.

ஜிமிக்கிக்கு வந்திருப்பது மெல்ல வந்தது. உங்கள் நாய்க்கு ரெண்டு நாளில் வந்திருக்கிறது. இப்படி வருவதற்குத் திராட்சை ஒரு காரணம், எலிக்காய்ச்சல் இன்னொன்று. தோட்டத்து வாய்க்காலில் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் குடித்தாலே போதும். அது மனிதருக்கும் தொற்றும், மூத்திரத்தைக் கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வருஷத் தடுப்பூசியில் அது சேர்ந்திருந்ததா என்று அட்டையைப் பாருங்கள். இப்போது தேவை சிரைவழி ஏற்றும் சலைன் பாட்டிலும் மூத்திரம் வருகிறதா என்ற கண்காணிப்பும்தான். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள். மூத்திரமே நின்றுபோனால் சென்னை வேப்பேரி கல்லூரியில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள். ப்ரோபயாடிக் பேச்சு எல்லாம் பிழைத்த பிறகு. மனிதர்களுக்கான பாக்கெட்டை வாங்கிக் கொடுப்பதென்றால் அதில் சைலிட்டால் இல்லை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், நாய்க்கு அது விஷம்.

கம்பம் கோம்பை:

திராட்சை தின்பான் ஐயா. அதை யாரும் ஒரு தப்பாகவே நினைத்ததில்லை. வண்டி எடுத்தாச்சு.

பழங்காநத்தம் அக்கா:

ஜிமிக்கி தம்பி, என் வீட்டிலும் ஒரு கிட்னிக் கிழவி இருக்கிறாள், அதனால் கையால் செய்கிற விஷயங்களைச் சொல்கிறேன். கேப்ஸ்யூலின் மேல் துளி நெய் தடவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பூனையைத் துண்டில் கழுத்து வரை சுற்றி, பின்பக்கம் உங்கள் வயிற்றில் படும்படி வைத்துக்கொண்டு, நாக்கின் பின்பகுதியில் போடுங்கள். நடு நாக்கில் போட்டால்தான் நுரை. போட்டவுடன் சிரிஞ்சில் நாலைந்து மில்லி தண்ணீர் கன்னத்தின் ஓரமாக விடுங்கள். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டி நின்றுவிட்டால் அங்கே புண்ணாகிவிடும், சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் இது ரொம்பவே சகஜம். அம்மாவைப் பிடிக்கச் சொல்லாதீர்கள், ஒருத்தர் கை மட்டும் கெட்டவர் கையாக இருந்தால் போதும். சாப்பாடு போடுகிற கையும் மருந்து போடுகிற கையும் ஒன்றாக இருந்தால் சாப்பாட்டையும் வெறுத்துவிடும்.

கிட்னி உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்டுங்கள். குமட்டல் இருக்கும்போது புது உணவு வைத்தால் அந்த வாசனையையே ஆயுசுக்கும் வெறுக்கும். முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். எதுவும் ஒத்துவரவில்லையா, பழையதையே சாப்பிடட்டும். பூனை சில நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும், அது கிட்னியைவிட வேகமாக ஆளைக் கொண்டுபோகும். தண்ணீருக்கு இரண்டு மூன்று இடங்களில் அகலமான மண்சட்டி வையுங்கள். வெயிலுக்கு அதில்தான் குளிர்ச்சி.

செல்லூர் ஜிமிக்கி:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் வந்துவிட்டார், ஐயா எழுதியதை அப்படியே காட்டினேன். சிரித்துக்கொண்டே, “பெரியவர் சொல்வது சரிதான், விழுங்கவில்லை என்றால் விட்டுவிடு” என்றார். ரிப்போர்ட்டில் யூரியா என்றுதான் இருக்கிறது. மூத்திரம் நீர்த்துத்தான் போகிறது (அடர்த்தி 1.012), அதில் புரத விகிதம் 0.3, கிருமி இல்லை. இரத்த அழுத்தம் 175 இருந்ததால் அதைக் குறைக்க அம்லோடிபின் மருந்து தொடங்கியிருக்கிறார். தைராய்டு, சர்க்கரை இரண்டும் சரி. பாஸ்பரஸ் பைண்டர் சாப்பாட்டிலேயே கலக்கிற பொடி, அதை ஒன்றும் சொல்லாமல் தின்கிறாள். வாரத்தில் சில நாள் தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம் 100 மில்லி வீட்டிலேயே ஏற்றச் சொல்லிக்கொடுத்தார். கூரியர் பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ரிங்கர் ஏற்றியதும் தோளில் மெத்து மெத்தென்று ஒரு கட்டி தொங்குகிறது. அது முன்னங்காலுக்கு இறங்கிவிட்டது. பயப்பட வேண்டுமா?

பழங்காநத்தம் அக்கா:

அது ஏற்றிய தண்ணீர்தான் தம்பி. புவியீர்ப்பில் காலுக்கு இறங்கும், சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். அடுத்த நாளும் அப்படியே தொங்கினால், அல்லது மூச்சு வேகமாக வாங்கினால், அடுத்த பாட்டில் ஏற்றாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் அவ்வளவாகத் துள்ள மாட்டாள்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

175க்கு மருந்து தொடங்கியது நல்லது, அழுத்தம் ஏறினால் பூனைக்குக் கண் பார்வையே திடீரென்று போய்விடும். இரண்டு வாரத்துக்குள் அழுத்தத்தை மறுபடி பாருங்கள். பாஸ்பரஸை ஒரு மாதம் கழித்து, வெறும் வயிற்றில் எடுத்தால் எண் நம்பும்படி இருக்கும். அந்தக் கோம்பை என்ன ஆனது என்று கம்பத்துக்காரர் வந்து ஒரு வரி எழுதினால் நல்லது.

கம்பம் கோம்பை:

கல்லூரியில் சேர்த்திருக்கிறோம் ஐயா. பாட்டில் ஓடுகிறது. மூத்திரம் வருகிறது. எலிக்காய்ச்சல் சோதனைக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். தோட்டத்தைச் சுற்றி வலை அடிக்கச் சொல்லிவிட்டேன்.