வெட்டிய மரம் துளிர்த்ததைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அல்சூர்வாசி:
போன மே மாத மழையில் வீட்டு முருங்கை சாய்ந்துவிட்டது. அறுத்துப் போட்ட கட்டைகள் மதில் ஓரம் கிடந்தன. ஊன்றவில்லை, தண்ணீரும் விடவில்லை. மூன்று வாரம் கழித்து அம்மா கூப்பிட்டுக் காட்டினார்: பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு கொத்துப் பச்சை இலை. வேரும் இல்லை, தலையும் இல்லை, அந்தக் கட்டைக்கு எங்கிருந்து உயிர் வந்தது? இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஜெயநகர் செடிக்காரி:
நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனால் அவை விழித்துக்கொள்ளும். கட்டைக்குள் இருக்கும் மாவுச்சத்தே அவற்றுக்குச் சாப்பாடு. என் மகள் ஒரு ரணகள்ளி இலையை நோட்டுக்குள் வைத்து மறந்துவிட்டாள். திறந்தபோது விளிம்பு மடிப்புகளில் வேரோடு ஆறு குட்டிச் செடிகள், கணக்குப் பாடத்தின் மேல்! எந்தக் காயத்தையும் செடி தானே ஆற்றிக்கொள்ளும்.

மல்லேஸ்வரம் மணி:
அக்கா, துளிர் விஷயம் சரி. ஆற்றிக்கொள்ளும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரத்தில் பெரிய கிளை ஒன்றைத் தண்டோடு ஒட்ட அறுத்தார்கள். வெட்டைச் சுற்றி உதடு போலத் திசு தடித்து, சில வருடங்களில் பாதி மூடியது. ஆறிவிட்டது என்றே நம்பினேன். ஒரு காற்றில் முறிந்தது. உள்ளே முழுக்கப் பொந்து. நம் தோல் போல மரம் பழைய திசுவைச் சரிசெய்வதில்லை. கெட்ட பகுதியைச் சுவர் வைத்து ஒதுக்கிவிட்டு, பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்ற வளரும் திசுவிலிருந்து புதிதாக மேலே வளர்க்கிறது. அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இதுதான். அதனால் கிளை வெட்டும்போது அது தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்தைத் தொடாதீர்கள். மூடும் திசு அங்கிருந்துதான் வரும். தாரும் சிமெண்டும் பூசாதீர்கள், ஈரம் உள்ளே தங்கி அழுகல் கூடும். கனமான கிளை என்றால் முதலில் கீழ்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் அறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டை நெடுக உரிந்துவரும்.

கெங்கேரி பாட்டி:
பெங்களூரு பக்கத்து ராமோஹள்ளியில் உள்ள பெரிய ஆலமரத்தில் தாய்த்தண்டு நோயில் போய்விட்டது. விழுதுகளே மரமாக நிற்கின்றன. "இதில் அம்மா எது பாட்டி?" என்று பேரன் கேட்டான். எதைக் காட்டுவது?

அல்சூர்வாசி:
அந்தக் கட்டையை ஜூனில் நட்டோம். துளிர் ஒரு முழம் வளர்ந்து, ஜூலையில் வாடியது. பிடுங்கினால் ஒரு வேர்கூட இல்லை, அடி அழுகியிருந்தது. இன்னும் இரண்டு கட்டைகள் மிச்சம். இலை விட்டது ஏன் வேர் விடவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அம்மா தினமும் கேட்கிறார்.