1939 இங்கிலாந்துச் சிற்றூர்கள்: போர் ஏற்பாடுகள் உருப்படியா, கண்துடைப்பா?

கரிசல்காரன்: ஹிட்லர் செக் நாட்டுப் பகுதியைக் கேட்டு மிரட்டிய 1938 மியூனிக் நெருக்கடியிலிருந்து, போர் அறிவித்த 1939 செப்டம்பர் 3 வரை பிரிட்டிஷ் அரசு போட்டதெல்லாம் ஒரே கணக்கு: வானத்திலிருந்து குண்டும் விஷவாயுவும் வரும். கோடிக்கணக்கில் முகமூடி கொடுத்தார்கள். வாயு வரவே இல்லை. தோட்டத்தில் புதைத்த ஆண்டர்சன் பதுங்குகுழி மழை பெய்தால் தண்ணீர்த்தொட்டி. சிற்றூர்க்காரனுக்கு இதெல்லாம் வெறும் கண்துடைப்பு.

கொத்தனார்: தொட்டி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். நாலடி ஆழம் தோண்டி, வளைந்த நெளிதகடு ஆறையும் உச்சியில் போல்ட் போட்டு முடுக்கி, இரு முனையிலும் தகடு அடைத்து, தோண்டிய மண்ணையே மேலே குறைந்தது 15 அங்குலம் ஏற்ற வேண்டும். உள்ளே ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம். ஆறு பேர் நெருக்கி உட்காரலாம். பலம் மண்ணில் இருக்கிறது. குண்டுச் சிதறலை அது வாங்கிக்கொள்ளும். அதிர்வு வந்தால் தகடு நெளிந்து கொடுக்கும், செங்கல் சுவர்போல உதிராது. நேராகத் தலைமேல் விழுந்தால் தாங்காதுதான். மண்ணை ஒப்புக்கு நாலங்குலம் தூவினால் அது வெறும் தகரக் கொட்டகை.

கரிசல்காரன்: தண்ணீருக்கு என்ன பதில்? களிமண் நிலத்தில் நாலடி பள்ளம் வெட்டினால் சுற்றுவட்டத்து நீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மூலையில் சின்னக் குழி வெட்டி வாளியால் இறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையும் பக்கமும் சேர்த்து கான்கிரீட் போட வேண்டும். இன்னொன்று: ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் கீழ் என்றால் இலவசம், மேலே என்றால் 7 பவுண்டு. அந்த இலவசமும் குண்டுவீச்சு அபாயம் உள்ள பகுதிகளுக்குத்தான். 1939 பிப்ரவரியில் முதலில் இறங்கியதே லண்டன் இஸ்லிங்டனில். சந்தை கூடும் சின்ன ஊரை யார் கண்டுகொண்டார்கள்?

பழையரயில்: இரண்டு பேரும் லண்டன் தோட்டத்தையே தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். சிற்றூரில் வந்து இறங்கியது ஆட்கள். செப்டம்பர் 1 முதல் மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேரைப் பெருநகரங்களிலிருந்து வெளியே அனுப்பினார்கள். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால் வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். தபால் ஆபீசில் வாங்கிக்கொள்ளலாம். திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்த ரயில் வந்து நின்றதோ அதில் ஏற்றிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த சில ஊர்களில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் இறங்கினார்கள். படுக்கை, பால், சமையலறை எல்லாக் கணக்கும் குழம்பியது. போதாக்குறைக்கு, வந்த பிள்ளைகள் தலையில் பேன் என்று சண்டை வேறு. 1940 ஜனவரிக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

கரிசல்காரன்: நான் சொல்வதும் இதுதானே! ஏற்பாடு பூராவும் கோளாறு.

கொத்தனார்: எப்படி? எதிர்பார்த்த குண்டு விழாததால் திரும்பினார்கள். 1940 செப்டம்பர் 7 முதல் லண்டனில் இரவெல்லாம் விழுந்தபோது அந்தத் தகரக்குழிதான் பல குடும்பங்களைக் காத்தது. சிற்றூருக்கு ஒன்றுமே வரவில்லை என்பதும் சரியல்ல. போர் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பே, இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்ற இருட்டடிப்பு எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. கறுப்புத் துணியைச் சன்னல் அளவுக்கே வெட்டினால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். நான்கு பக்கமும் சட்டத்தைத் தாண்டி விட வேண்டும். தினமும் குத்தூசியால் குத்தி எடுத்தால் ஓட்டை விழும். அதனால் மரச்சட்டத்தில் அடித்து வைத்து, பொழுது சாய்ந்ததும் தூக்கி மாட்டுவதே மேல். துணியைத் துவைத்தால் வெளிச்சம் ஊடுருவும் என்று அரசே எச்சரித்தது. தூசி தட்டி இஸ்திரி போட வேண்டியதுதான்.

பழையரயில்: அந்த இருட்டடிப்பின் பலனையும் சொல்லுங்கள். 1939 செப்டம்பரில் சாலைச் சாவு முந்தைய ஆண்டு செப்டம்பரைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. நடைபாதை விளிம்புக்கும் மரத்தடிக்கும் வெள்ளை அடித்தார்கள், கைவிளக்கில் மெல்லிய தாளை ஒட்டச் சொன்னார்கள். அப்புறம் கடையில் பேட்டரியே கிடைக்கவில்லை.

கரிசல்காரன்: பேட்டரி இல்லாத ஊருக்கு முகமூடி மட்டும் ஆளுக்கொன்று!