ஏற்காடு வீட்டு மாடிக்குத் தரை: மரமா, மூங்கிலா, கார்பெட்டா?

அஸ்தம்பட்டியான்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் அப்பா அம்மாவுக்காக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே எல்லாம் டைல்ஸ், அது முடிந்துவிட்டது. மாடியில் இரண்டு படுக்கையறை, அங்கேதான் என்ன போடுவது என்று முடிவுக்கு வர முடியவில்லை. டைல்ஸ் வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். மார்கழியில் அங்கே காலையில் எழுந்து வெறுங்காலைக் கீழே வைத்தால் முழங்கால் வரை குடைகிறதாம்.

இன்ஜினியர் மூன்று வழி சொல்கிறார். தேக்குப் பலகை, மூங்கில் தரை, இல்லாவிட்டால் அறை முழுக்க ஒட்டும் கார்பெட். மூன்றில் கார்பெட்தான் செலவு குறைவு, சீக்கிரமும் முடியும். மூங்கில் தேக்கைவிடக் கெட்டி என்று கடையில் சொன்னார்கள், ஆனால் எனக்கு மனசு தேக்கில்தான் நிற்கிறது. இன்னும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இளைப்பு உண்டு, மழைக்காலத்தில் கூடும். அப்பா ரிட்டயர் ஆகும்வரை சனி, ஞாயிறு மட்டும்தான் போவோம், மற்ற நாளெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும். மாடித் தளம் சித்திரையில் போட்டது. தையில் பால் காய்ச்சலாம் என்று இருக்கிறோம். அந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் யாராவது அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

காபித்தோட்டம்:

கார்பெட்டை இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் தம்பி. நாங்கள் மஞ்சக்குட்டை பக்கம் வருடம் முழுக்க மலையிலேயே இருக்கிறவர்கள். மழை மாதங்களில் காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் அப்படியே அறைக்குள் வந்து நிற்கும், பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவை கூட நமுத்த வாடை அடிக்கும். அந்தக் காற்றில் ஒரு அறை முழுக்கக் கார்பெட்டை ஒட்டிவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஜன்னலையும் சாத்திவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் நாத்தனார் வீட்டில் போட்டிருந்தார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வாடை மட்டும்தான். கட்டிலை நகர்த்தி மூலையைப் பிரித்துப் பார்த்தபோது அடியில் இருந்த ஸ்பாஞ்சு சில்லென்று ஈரமாக இருந்தது, சணல் முதுகு பூராவும் கருப்புப் புள்ளி, கை வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. கட்டிலுக்கு அடியில் காற்றே போகாது இல்லையா, அங்கேதான் பூஞ்சணம் முதலில் பிடிக்கிறது. இளைப்பு உள்ளவர்களுக்கு இதைவிடக் கெடுதல் கண்ணுக்கே தெரியாத தூசிப்பூச்சி. காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியாது, 70, 80 என்றால் நன்றாகப் பெருகும். மழைக்கால ஏற்காட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்.

கால் சில்லிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? கட்டில் பக்கத்தில் ஒரு பவானி ஜமக்காளம் விரியுங்கள். பருத்தி நூல், கெட்டியாக இருக்கும், வெயில் அடிக்கும் நாளில் எடுத்து உதறிக் கைப்பிடிச் சுவரில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஒட்டிய கார்பெட்டை அப்படித் தூக்கிப் போட முடியுமா?

தச்சுப்பட்டறை:

காபித்தோட்டம் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சேலம் கொண்டலாம்பட்டியில் எங்களுக்குப் பட்டறை, மலைமேல் நிறைய வேலை பார்த்திருக்கிறோம், அதனால் மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

தேக்கு நல்ல மரம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். இரண்டு ஊர் காற்றும் வேறு. மரம் தன்னைச் சுற்றி இருக்கும் காற்றுக்கு ஏற்ற மாதிரி ஈரத்தை இழுக்கும், விடும். வீடு கட்டி எத்தனை வருடம் ஆனாலும் அது நிற்காது. காற்றில் ஈரம் 50 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரத்துக்குள் 9 சதவீதம் அளவில் இருக்கும், காற்று 80-க்குப் போய் அப்படியே நீடித்தால் மரத்துக்குள் 16 ஆகிவிடும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும், இருந்தாலும் 5 அங்குலப் பலகை இந்த மாற்றத்தில் ஒரு மில்லிமீட்டராவது அகலம் கூடும். 12 அடி அறைக்கு அந்த மாதிரி 28 பலகை வரும். கூட்டினால் ஓர் அங்குலத்தைத் தாண்டும், அது எங்கே போகும்? சுவரோரம் இடம் விடாமல் இறுக்கி அடித்திருந்தால் நடுவில் தூக்கிக்கொண்டு எழும்பும், அல்லது ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரத்திலும் தூக்கி நடு குழிந்து நிற்கும். பங்குனியில் சேலத்து குடோனில் சருகாய்க் காய்ந்து கிடந்த பலகையை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோய் மறுநாளே அடித்துவிட்டு இறங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசியில் வீட்டுக்காரர் போன் செய்வார்.

அதனால் என் கருத்து இன்ஜினியர்டு வுட். மேலே 3, 4 மில்லிமீட்டர் நிஜ தேக்கு, அடியில் பிளைவுட் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியிருக்கும். ஒரு அடுக்கு விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும், அதனால் முழு மரத்தின் அளவுக்கு அசையாது. காலுக்கு மரம்தான், தேய்ந்தால் ஒன்றிரண்டு தடவை இழைத்துப் பாலிஷும் போடலாம். லேமினேட்டைக் காட்டி மரத்தரை என்று விற்பார்கள், அது மரத்தூளை அழுத்திய அட்டைமேல் மரப்படம், ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், உப்பினது திரும்ப இறங்காது. வெட்டிய முனையைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

முக்கியமாக, தளம் காய்ந்துவிட்டதா என்று பார்க்காமல் எதையும் போடாதீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டிப் பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள், குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளுக்கு அடியில் வியர்த்திருந்தாலோ, சிமெண்ட் கருத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டு அறையிலும் பாருங்கள், பாத்ரூம் சுவர் ஓரத்திலும் தனியாகப் பாருங்கள்.

மாடித்தோட்டம்:

மூங்கிலுக்காக ஒரு வார்த்தை. கீழே சேலம் சூரமங்கலத்தில் எங்கள் மாடி அறைகளில் அதுதான் போட்டிருக்கிறோம், எனக்கு ரொம்பத் திருப்தி. நாற்காலியை இழுக்கிறோம், பிள்ளைகள் எதை எதையோ போடுகிறார்கள், கீறல் கம்மி. கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் எல்லா மூங்கிலுக்கும் இல்லை. நாரைப் பிரித்துப் பசையில் தோய்த்து அழுத்திச் செய்யும் வகைதான் தேக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. பட்டைகளை வரிசையாக ஒட்டிய வகை தேக்குக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். அதிலும் காபி நிறத்துக்கு வேகவைத்தது இன்னும் மிருதுவாகிவிடும்.

அப்புறம், பசை அதிகம் உள்ள பொருள், அதனால் பசையிலிருந்து கசிந்து மூச்சை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு வாயு எவ்வளவு என்று பெட்டியில் பாருங்கள். ஈ0 அல்லது ஈ1 என்று போட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு இளைப்பு என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலைச்சரிவில் வளரும் கல்மூங்கிலை வெட்டி ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், போராக்ஸ் மருந்தில் ஊறவைக்காவிட்டால் வண்டு துளைத்து உளுத்துப்போகும்.

தச்சுப்பட்டறை:

சூரமங்கலத்துக்கு நீங்கள் போட்டது சரியான தேர்வு. மலைக்கு நான் தயங்குவேன். அந்தக் கெட்டி மூங்கிலும் ஈரத்துக்கு விரியும், ஆனால் அடர்த்தி அதிகம் என்பதால் புது ஊர்க் காற்றுக்குப் பழகத் தேக்கைவிட அதிக நாள் எடுக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அஸ்தம்பட்டியான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கார்பெட் வேண்டாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம், ஜமக்காளம் என்றதும் அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. தச்சுப்பட்டறை அண்ணா, இரண்டு கேள்வி. சித்தப்பா எஸ்டேட்டில் சில்வர் ஓக் நிறைய நிற்கிறது, அதை அறுத்துப் பலகை போடலாமே என்கிறார். சரி வருமா? இன்னொன்று, இன்ஜினியர்டு வுட் என்றால் தையில் போட்டுவிடலாமா, இல்லை இப்போதே ஆரம்பிக்க வேண்டுமா?

தச்சுப்பட்டறை:

சில்வர் ஓக் தரைக்கு வேண்டாம் தம்பி. தேக்கைவிட மிருது, கட்டில் கால் பதிந்த இடத்தில் குழி விழும். மலையில் மரம் வெட்ட அனுமதி வாங்கும் வேலை வேறு, அறுத்து ஒழுங்காகக் காயவைக்கும்போது உங்கள் பால் காய்ச்சும் நாள் தாண்டிவிடும். அலமாரிக் கதவுக்கு வேண்டுமானால் மருந்து வைத்துப் பயன்படுத்தலாம்.

இப்போது மழையில் ஆரம்பிக்க வேண்டாம். பெயின்ட், ஜன்னல் கண்ணாடி, பாத்ரூம் வேலை எல்லாம் முடிந்து மழையும் விட்டபிறகு, மார்கழி முதல் வாரத்தில் பெட்டிகளை மாடி அறைக்கே ஏற்றிவிடுங்கள், கீழே ஷெட்டில் வைக்கக் கூடாது. கம்பெனி பெட்டியில் எத்தனை நாள் போட்டிருக்கிறார்களோ அத்தனை நாள் படுக்கைவாட்டில் கிடக்கட்டும், பெட்டியைப் பிரித்து வைக்கச் சொல்லியிருந்தால் பிரித்து வையுங்கள். அப்புறம் தளத்தின்மேல் பாலிதீன் தாள், அதன்மேல் மெல்லிய ஃபோம், அதன்மேல் பலகை. ஃபோம் இல்லாவிட்டால் மேலே நடப்பது கீழ் படுக்கையறையில் டொக் டொக்கென்று கேட்கும். சுவரைச் சுற்றி 10 மில்லிமீட்டர் இடம் விட்டு, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைத்துவிடலாம். பால்கனிக் கதவுக்கு உள்ளே ஒரு அடிக்கு கிரானைட் பட்டை போட்டு மரத்தை அங்கே நிறுத்துங்கள், சாரல் அடிக்கும் இடம் அது.

நீங்கள் கேட்காத ஒன்று. பலகையும் ஃபோமும் சேர்ந்து தரை 17, 18 மில்லிமீட்டர் உயரும். கதவெல்லாம் அடியில் அறுக்க வேண்டி வரும், அதனால் கதவு மாட்டும்போதே இடம் விடச் சொல்லுங்கள். மாடிப்படிக்கு மேலே உள்ள வராந்தாவிலும் பலகை போடுவதாக இருந்தால் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட உயரமாகிவிடும், வயசானவர்களுக்குக் கால் தடுக்குவது அங்கேதான். படிக்கு இன்னும் கல் பதிக்கவில்லை என்றால் கொத்தனாரிடம் இன்றே சொல்லுங்கள், எல்லாப் படியிலும் பகிர்ந்து சரிசெய்துவிடுவார்.

அஸ்தம்பட்டியான்:

படிக்குக் கல் நாளை மறுநாள் பதிப்பதாக இருந்தது அண்ணா. இப்போதே கூப்பிட்டு நிறுத்திவிட்டேன். பாலிதீன் தாளை இந்தச் சனிக்கிழமை ஒட்டி, ஞாயிறு பிரித்துப் பார்த்து இங்கேயே போட்டோ போடுகிறேன்.